சம்பந்தியும் பன்னிரண்டு டிகிரியும்

காரைக்காலில் ஒருவன் சறுக்கி விழ வேண்டுமென்றால் குளியலறைக்குத்தான் போக வேண்டும். வெளியே அதற்குத் தகுந்த சரிவு கிடையாது. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வாய்க்கால்களுக்கு மட்டம் பார்த்தவன் நான். முக்காலியின் மேல் கருவியை நிறுத்தி, தூரத்தில் ஓர் ஆள் பிடித்திருக்கும் அளவுகோலைக் கண்ணாடி வழியே பார்த்து, தரை எவ்வளவு இறங்குகிறது என்று எழுதிக்கொள்ளும் வேலை. மைலுக்கு ஓர் அடி இறங்கினால் எங்கள் பக்கத்தில் அது நல்ல சரிவு. ஒன்றரை அடி இறங்கினால், கரை அரிக்கக்கூடும் என்று சிவப்பு மையில் குறிப்பு எழுதுவேன். ஊரில் நான் அறிந்த பயங்கரமான மேடு அரசலாற்றுப் பாலம். அதில் ஏறும்போது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். மறுபுறம் இறங்கும்போதும் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சம்பந்தி, ஐம்பத்தைந்து டிகிரிச் சரிவுள்ள பனிமலைகளிலிருந்து காலில் இரண்டு பலகைகளைக் கட்டிக்கொண்டு இறங்கியவர். கயிறு கட்டி, இரும்பு முளை அடித்து ஏறுவதற்கே ஆட்கள் யோசித்த மலைகள் அவை. அவற்றில் சறுக்கிக்கொண்டே கீழே வந்துவிடலாம் என்று அவர் நாட்டில் முதன்முதலில் நினைத்த ஐந்தாறு பேரில் அவர் ஒருவர்.

என் ஒரே மகள் படிக்கப் பிரான்சுக்குப் போனாள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஓர் ஊரில் வேலை கிடைத்தது. அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். எங்கள் தலத்தெருவில் இது அதிசயமில்லை. எங்கள் வரிசையில் இருக்கும் பதினான்கு வீடுகளில் ஐந்தில் யாராவது ஒருவர் பிரான்சில் இருக்கிறார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சம்பந்தி என்ன உத்தியோகம்?" நான் "மலைத்துறை" என்றேன். அதில் பாதி உண்மை. மலை இருந்தது, துறையை நான் சேர்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். "அப்ப சொல்தாவா?" என்று சிலர் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டுக்காரர். திருமலைராயன்பட்டினத்துக்காரர், துபாயில் இருபத்தெட்டு வருடம் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்தவர். என் பேத்தி கைப்பேசியில் சொன்ன பெயரை வைத்து ஏதோ தேடி, ஒரு நாள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது உங்க சம்பந்தியாண்ணே?"

பழைய படம். வெள்ளைச் சுவர் ஒன்றில் எறும்பு மாதிரி ஏதோ ஒன்று துள்ளித் துள்ளி இறங்கிக்கொண்டிருந்தது.

"இவரு விழுறாரா, போறாரா?" என்றார்.

"போறாரு," என்றேன். எனக்கும் நிச்சயமில்லை.

"மாஷா அல்லாஹ்! துபாய்ல ஒரு கட்டடத்துக்குள்ளேயே பனி கொட்டிச் சறுக்குறாங்கண்ணே. நான் போயிருக்கேன்."

"சறுக்கவா?"

"மிஷின் ரிப்பேருக்கு."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் பனியைப் பற்றிய சந்தேகங்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி.

போன வருடம் மகள் பேசும்போது சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள். "வர்ற குளிர்காலத்துல மாமா பாப்பாவை மலைக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறாருப்பா."

"வேடிக்கை பார்க்கவா?"

"சறுக்க."

பேத்திக்கு ஏழு வயது. உடம்பில் மொத்தம் இருபத்தொரு கிலோ. நான் மாட்டேன் என்றேன். அவளை அனுப்பினால் நான் மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிடுவேன் என்றேன். காலையில் நான்கு, இரவில் மூன்று சாப்பிடுகிறேன். எனவே இது சிறிய மிரட்டல் இல்லை. மறுமுனையில் மகள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. "அப்படியாப்பா?" என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவள் அந்த வீட்டில் ஒரு கதை சொல்லி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில், பெண் குழந்தை ஆபத்தான எதையும் தொடங்குவதற்கு முன் அம்மாவின் அப்பா சம்மதிக்க வேண்டும், அது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று.

"ஏம்மா, அப்படி எந்த வழக்கமும் கிடையாதே?" என்றேன்.

"எனக்கும் தெரியும்ப்பா. ஆனா இந்த வீட்டுல பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? சுவர் பூரா அவர் படம்தான். பாப்பாவோ இப்பவே போகணும்னு குதிக்கிறா. எனக்கு அனுப்பவும் ஆசையா இருக்கு, பயமாவும் இருக்கு. நீங்க சொல்றதுதான் முடிவுன்னு சொல்லிட்டேன்."

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இல்லைதான். ஆனால் அதில் முடிவு என்னுடையது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அதைப் பக்தியோடு கடைப்பிடிக்க ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் சம்மதத்துக்காக ஒருவர் எட்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வருகிறார். என் மனைவி காபியில் சர்க்கரை போடுவதற்குக்கூட என்னைக் கேட்பதில்லை.

வருவதற்கு ஒரு காரணமும் இருந்தது. பேத்திக்கு இன்னும் காது குத்தவில்லை. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். ஒன்றில் விசா கிடைக்கவில்லை, மூன்றில் ஊரடங்கு, ஐந்தில் எனக்குக் கண் ஆபரேஷன். ஏழை விட்டால் ஒன்பது. மகளும் பேத்தியும் சம்பந்தியும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைக்கவில்லை. சம்பந்தியம்மாள் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

மலையைப் போன்ற ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் எழுபத்தெட்டு வயதில், என்னைவிட ஒரு சாண் குள்ளமாக, வெயிலில் காய்ந்த வடு மாங்காய் மாதிரி இருந்தார். இடது முழங்கால் மடங்கவில்லை. எங்கள் வாசலில் மூன்றே படிகள். அவற்றை ஒரு பக்கமாகத் திரும்பி, ஒவ்வொன்றாக, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பார்க்கக் கூடியிருந்த தெருவுக்கு ஏமாற்றம். "இவருதானா?" என்று எதிர்வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். நான் சம்பந்தியின் கௌரவத்தைக் காப்பாற்றும் பொருட்டு, "படிக்கட்டு அவருக்குப் பழக்கமில்லை" என்றேன்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்ல முடியாது. பள்ளியில் சொல்லிக்கொடுத்ததில் எண்கள் மட்டும் தங்கிவிட்டன. நூறு வரை சொல்வேன். அதிலும் எழுபதுக்கு மேல் போனால் ஆபத்து. அவர்களுக்கு எண்பது என்றால் நான்கு இருபது. தொண்ணூற்றேழு என்றால் நான்கு இருபதும் பதினேழும். இப்படிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே ஒரு ஜனம் எப்படி மலையில் வழி தவறாமல் இருந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. சம்பந்தியோடு என் உரையாடல் அதனால் சுருக்கமாக இருந்தது. அவர் இடியாப்பம் சாப்பிட்டார். நான் "ஒன்பது" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய்ப் பத்தாவது கேட்டார். என் மனைவி என்னை முறைத்தாள். "சம்பந்தி சாப்பிடுறதைப் போய் எண்ணுவாங்களா?"

முதல் நாள் மாலை அவர் தன் கதையைச் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். அவர் அப்பா மாடு வைத்துப் பாலாடைக்கட்டி செய்தவர். குளிர்காலத்தில் பாதையெல்லாம் பனி மூடிக்கொள்ளும், பாலைச் சறுக்கியே கொண்டுபோக வேண்டும். அப்படித்தான் பழகியது. இருபத்து நான்கு வயதில், எல்லோரும் ஏற மட்டுமே செய்த ஒரு முகட்டிலிருந்து முதன்முதலாகச் சறுக்கி இறங்கினார். ஊரில் பாதிப் பேர் பாராட்டினார்கள். மீதிப் பேர், அவர் அம்மா உட்பட, பேசுவதை நிறுத்திவிட்டார்கள். எந்தச் சரிவில் இறங்கப்போகிறாரோ அதிலேயே விடிவதற்கு முன் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவாராம். ஏறும்போதே பனியைக் காலால் உதைத்து, எங்கே கெட்டி, எங்கே பொருக்கு என்று பார்த்து வைத்துக்கொள்வது. உச்சியில் உட்கார்ந்து வெயிலுக்குக் காத்திருப்பது. வெயில் படும் முன் இறங்கினால் பனி கண்ணாடி போல் இருக்கும், பலகை பிடிக்காது. அதிகம் பட்ட பின் இறங்கினால் மலையே கூட வரும். நடுவில் கொஞ்ச நேரம்தான் வாசல் திறந்திருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் முழங்கால் போனதும் அதை விட்டுவிட்டு, ஊர்க் குழந்தைகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுத்தார்.

"விழுந்தா?" என்று கேட்டேன்.

மகள் கேட்டுச் சொன்னாள். "அந்த மாதிரி இடத்துல விழுறதுங்கிற பேச்சே கிடையாதாம்ப்பா. ஒரு தடவைதான் விழ முடியுமாம்."

இதைச் சொல்லிவிட்டுத்தான் என் சம்மதத்தைக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படுக்கப் போனார்.

ஐம்பத்தைந்து டிகிரி என்பது என்னை நச்சரித்தது. கோணம் என்றால் என் கையில் அளந்து பார்க்காமல் எனக்கு ஒன்றும் இறங்காது. மறுநாள் காலை, பரணுக்குப் போகும் மூங்கில் ஏணியைக் கூடத்துச் சுவரில் சாய்த்து, பாகைமானியை வைத்து அடியை நகர்த்தி நகர்த்தி, ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். வழுக்காமல் இருக்க அடியில் ஒரு சாக்குப் போட்டேன்.

"அளந்தது போதும், ஏறித்தான் பாருங்களேன்," என்றாள் என் மனைவி.

ஏறினேன். இரண்டாவது படி வரைக்கும். மூன்றாவதில் வைக்கக் கால் ஒப்பவில்லை. அந்த நிலையில் சம்பந்தி வந்துவிட்டார். ஏணியின் அடியில் தன் பாதத்தை முட்டுக் கொடுத்து நின்றார். பிறகு நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார்.

"கோணம் சரியாத்தான் இருக்காம்ப்பா," என்றாள் மகள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "ஆனா நீங்க சுவரைப் பார்த்துட்டு நிக்கிறீங்களாம். அவரு இந்தப் பக்கம் பார்த்து நிப்பாராம்."

நான் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். இரண்டு படிதான். கூடத்துத் தரை காவிரிப் படுகை முழுவதையும்விட ஆழத்தில் தெரிந்தது. இறங்கியதும் என் மனதில் முடிவு உறுதியாகிவிட்டது: என் பேத்தி எந்தச் சரிவிலும் கால் வைக்கப்போவதில்லை.

காது குத்தும் நாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். என் மகளுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லாததால் மடி என்னுடையது. ஆசாரி எதிரே சம்மணமிட்டு, பேனாவால் காதில் புள்ளி வைத்தார். இரண்டு புள்ளியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நான் சோதித்தேன். இடது அரை மில்லிமீட்டர் இறக்கம் என்றேன்.

"சார், இது காது. வாய்க்கால் இல்லை," என்றார் ஆசாரி.

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், மனைவி கைகளை, மகள் கால்களை. பேத்தியின் வாயில் வாழைப்பழம். முதல் காதில் கம்பி ஏறியதும் வாழைப்பழம் என் வேட்டியில் விழுந்தது. "போதும் தாத்தா! வேண்டாம்! விடுங்க!" என்று தமிழில் கத்தினாள், பிறகு அதையே பிரெஞ்சில் கத்தினாள். "பாதியில விடக் கூடாதும்மா, அவ்வளவுதான், அவ்வளவுதான்," என்று நாங்கள் மூன்று பேரும் இன்னும் இறுக்கிப் பிடித்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு காதிலும் தங்கம் இருந்தது, சம்பந்தியின் நாற்காலி காலியாக இருந்தது.

தெருமுனை இளநீர் வண்டியருகே நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பு.

"வெள்ளைக்காரருக்கு உடம்பு முடியலையா சார்? ரெண்டாவது இளநி குடிக்கிறாரு," என்றார் வண்டிக்காரர்.

மகள் குழந்தையோடு இருந்தாள். மொழிபெயர்க்க ஆளில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஐம்பத்தைந்து டிகிரிக்காரர் ஒரு காது குத்தலுக்கு ஓடிவிட்டார்! இதைத் தெருவில் எப்படிச் சொல்வது என்று வாக்கியம்கூட அமைத்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். இளநீரைக் கீழே வைத்துவிட்டு, இடது முன்கையைச் சாய்த்துப் பிடித்தார். அது மலை என்று புரிந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் அதில் நடந்து ஏறின. உச்சியிலிருந்து உள்ளங்கை வளைந்து வளைந்து சறுக்கி இறங்கியது. "முப்பத்து நான்கு," என்றார் பிரெஞ்சில். முப்பத்து நான்கு மலைகள். நான் தலையாட்டினேன்.

மறுபடி விரல்கள் ஏறின. உச்சியில் நின்றன. ஒன்று பனியைத் தட்டிப் பார்த்தது. பிறகு சறுக்கவில்லை. வந்த வழியே, அதே இரண்டு விரல்கள், நடந்தே இறங்கின. அவர் ஓர் எண்ணைச் சொன்னார். நான்கு இருபது, பதினேழு. நான் கூட்டிப் பார்த்தேன். எண்பது, அதோடு பதினேழு. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பக் கூட்டினேன். தொண்ணூற்றேழுதான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் அதை இன்னொரு முறை சொன்னார்.

முப்பத்து நான்கு முறை இறங்கியவர் தொண்ணூற்றேழு முறை திரும்பி வந்திருக்கிறார். விடியும் முன் ஏறி, உச்சி வரை போய், பனி சரியில்லை என்று பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு. எந்தப் படத்திலும் அது இல்லை. யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. ஆறு விரல்களை நீட்டினார். அந்தக் காலத்தில் அவரையும் சேர்த்து இப்படி இறங்கியவர்கள். ஒவ்வொன்றாக மடக்கினார். ஐந்து விரல் மடங்கின. நின்ற ஒன்றால் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

தெருவில் சொல்வதற்கு அமைத்து வைத்திருந்த வாக்கியம் எனக்கு மறந்துபோயிற்று.

யோசித்தேன். திரும்பி வருவதுதான் கணக்கு என்றால், அந்தத் துறையில் என்னை மிஞ்ச ஆளில்லை. பாலத்திலிருந்து, படகிலிருந்து, மாடிப் படியிலிருந்து, ஏணியின் இரண்டாவது படியிலிருந்து என்று ஆயிரம் முறை திரும்பியிருப்பேன். என்ன, நான் உச்சிக்குப் போகாமலே திரும்பியவன். ஆனாலும் இந்த மனிதரை நம்பலாம் என்று பட்டது. சும்மா நம்பவும் என் சுபாவம் விடவில்லை. என் முன்கையை லேசாகச் சாய்த்து, "கேன்ஸ்" என்றேன். பதினைந்து. பதினைந்து டிகிரிக்கு மேல் கூடாது.

அவர் என் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். "தூஸ்," என்றார்.

பன்னிரண்டு. என் பேரத்தில் எதிராளியே இறங்கி வந்தது அது ஒன்றுதான்.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் என் சம்மதத்தை முறைப்படி அறிவித்தேன். தொன்றுதொட்டு வரும் வழக்கப்படி என்று சேர்த்துக்கொண்டேன். மகள் அழுதாள். இரண்டு பக்கமும் காது வீங்கிய பேத்தி என் முதுகில் ஏறிக் குதித்தாள். சம்பந்தி சாம்பாரைக் கலந்துகொண்டே மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்லப்பா. ஏன் எந்திரிச்சுப் போனாருன்னு சொல்றாரு. மலையில பயமா இருந்தா, வேண்டாம்னு திரும்பிடலாமாம். இங்க பாப்பா வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, நாம மூணு பேரு பிடிச்சுக்கிட்டோமாம்."

"அது சம்பிரதாயம்னு சொல்லு," என்றேன். மோர் ஊற்றிக்கொண்டேன்.

குளிர்காலம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு மதியம், எங்களுக்கு மாலை காபி நேரம். வீடியோவில் காட்டுகிறேன் என்று மகள் சொல்லியிருந்தாள். கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் கொடுத்தார் எதிர்வீட்டுக்காரர். ஒரு வாரமாக நான் தெருவெல்லாம் சொல்லி வைத்ததில் கூடத்தில் பதினேழு பேர். ஜாங்கிரி முப்பது வாங்கி வைத்திருந்தேன். பன்னிரண்டு டிகிரி என்றால் நம் பாலத்தைப் போல நான்கு மடங்கு என்று எல்லோருக்கும் விளக்கியாயிற்று.

திரையில் வெள்ளை. அதன் நடுவில் சிவப்புக் கோட்டும் தலைக்கவசமுமாகப் பேத்தி. பக்கத்தில் தாத்தா, நான் அல்லாத அந்தத் தாத்தா, பலகை இல்லாமல் ஊன்றுகோலோடு. சரிவு பரவாயில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சப்பென்று இருந்தது. இதற்கா இவ்வளவு யோசித்தோம் என்று தோன்றியது.

"பனி கெட்டியா இருக்குண்ணே, பளபளக்குது பாருங்க," என்றார் எதிர்வீட்டு அதிகாரி. யாரும் கவனிக்கவில்லை.

பேத்தி விளிம்புக்கு வந்தாள். கீழே பார்த்தாள். பலகையின் ஓரத்தால் பனியைத் தட்டினாள். கிர்ரென்று சத்தம் வந்தது. தாத்தாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு உட்கார்ந்து, பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஏன் கழட்டுறா? ஏன் கழட்டுறா?" என்றேன். பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய்விட்டேன். "அட, இறங்கும்மா! சும்மா இறங்கு! இது என்ன பெரிய சரிவு, பன்னிரண்டு டிகிரிதான்! இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாதியில விடலாமா? இறங்கு கண்ணு!"

"அவளைப் பார்த்துக் கத்தாதீங்க!" என்று என் மனைவி கத்தினாள்.

பேத்தி பலகைகளைத் தோளில் சாத்திக்கொண்டு, வந்த வழியே, குதிகாலைப் பனியில் ஊன்றி ஊன்றி நடந்து இறங்கினாள். என் குரல் அங்கே கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் சம்பந்தி திரும்பி நேராகக் கைப்பேசியைப் பார்த்தார். கோபமில்லை. சந்தோஷமாக இருந்தார். எங்கள் வீட்டில் இருந்த நாட்களில்கூட அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பேத்தியைச் சுட்டிக்காட்டி, எனக்கென்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

நான்கு இருபது, பதினெட்டு.

"என்னண்ணே சொல்றாரு?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

நான் கூட்டிக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"தொண்ணூத்தெட்டு," என்றேன். "ஜாங்கிரியை எடுத்துக் குடுங்க."

"அதான் அவ இறங்கலையேண்ணே?"

"குடுங்கன்னா குடுங்க."